தரையில் ஓடும், ஏறினால் நிற்கும்: ஒரு 70 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் நிகழ்வு ஆய்வு

புகார் ஒரு வரிதான். "அண்ணா, தரையில எவ்வளவு ரேஸ் பண்ணாலும் நிக்கல. மேல ஏத்துனா மட்டும் கட் ஆகிடுது." மாதிரி விமானத்தைக் கொண்டுவந்த கல்லூரி மாணவர் அதற்குள் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் நீடிலை எல்லா விதமாகவும் திருகிப் பார்த்துவிட்டார். ரிச்சாக, அதாவது எரிபொருள் கூடுதலாக, வைத்தால் பிளக் நனைந்து ஐட்லிங்கில் நின்றது. லீனாக, அதாவது எரிபொருள் குறைவாக, வைத்தால் எதிர்ப்பக்கம் உதைத்து ப்ராப் (ப்ரொப்பெல்லர்) நட்டையே தளர்த்திவிட்டது. இரண்டுக்கும் நடுவில் சரியான இடம் ஒன்று இருக்கிறது, அது தன் கைக்கு அகப்படவில்லை என்று அவர் நம்பினார். அப்படி ஓர் இடம் அந்த எஞ்சினில் அன்று இருக்கவே இல்லை.

எஞ்சினும் விமானமும்

ஜப்பானில் செய்த 70 வகை (0.70 கன அங்குலம்), 11.5 சி.சி., ஒற்றை சிலிண்டர், மெத்தனாலில் ஓடும் க்ளோ எஞ்சின். போர் 25.8 மி.மீ., ஸ்ட்ரோக் 22 மி.மீ. ஓ.எஸ். நிறுவனம் 1976-ல் எஃப்.எஸ்.-60 எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நான்கு ஸ்ட்ரோக் என்பது சாதாரண மாடலர் கைக்கு எட்டியது. இதுவும் அதே வழியில் வந்ததுதான். கிராங்க்கிலிருந்து பல்சக்கரம் வழியாகப் பாதி வேகத்தில் சுழலும் கேம், அதன்மேல் டேப்பட், இரண்டு புஷ் ராடு, தலையில் ராக்கர் ஆர்ம், வால்வு. பழைய புல்லட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு எல்லாமே பழகிய முகங்கள். அளவு மட்டும் உள்ளங்கைக்குள் அடங்கும்.

முதல் உரிமையாளர் வயதாகிவிட்டதால் பறப்பதை நிறுத்தி, எஞ்சினைச் சில ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்து, பிறகு இந்த மாணவருக்குக் கொடுத்திருக்கிறார். முன்பு 46 வகை இரண்டு ஸ்ட்ரோக் இருந்த தாழ்சிறகு விமானத்தில் அதை மாட்டியிருக்கிறார்கள். 46-ஐக் கழற்றி 70 நான்கு ஸ்ட்ரோக் போடுவது வழக்கமான மாற்றம்தான். 13x6 ப்ராப் (விட்டம் 13 அங்குலம், பிட்ச் 6 அங்குலம்), 350 சி.சி. டேங்க், சைலன்சரிலிருந்து டேங்குக்கு ஒரு பிரஷர் லைன். எரிபொருளில் நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) கிடையாது: எண்பது பங்கு மெத்தனால், இருபது பங்கு ஆமணக்கெண்ணெய்.

எரிபொருளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மெத்தனால் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தில் மக்கள் செத்த பிறகு தண்டனைகளும் கடுமையாயின. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதன் பக்கவிளைவாக, முறையாகக் கிடைத்த ஒரு கேனை நம் ஆட்கள் பொக்கிஷம்போல மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சென்னை மாதிரி ஊரில், மூடி சரியாக இறுகாத பாதிக் கேன் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் அதிலிருப்பது பழைய எரிபொருள் அல்ல. மாணவரின் கேன் அந்த ரகம். அதை ஓரமாக வைத்துவிட்டு, சீல் உடைக்காத கேனிலிருந்து ஊற்றிய எரிபொருளில்தான் இனி சொல்லும் சோதனைகள் எல்லாம் நடந்தன. சந்தேகத்துக்குரிய எரிபொருளை வைத்துக்கொண்டு எஞ்சினை ஆராய்வது வீண் வேலை.

குளிர்ந்த எஞ்சினில்

ஸ்டார்ட் செய்யும் முன் ப்ராப்பைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கம்ப்ரஷன் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டது, ஆனால் மெத்தென்று. அந்த இடத்தில் ப்ராப்பைப் பிடித்து நிறுத்திக் காதை அருகில் கொண்டுபோனால் 'உஸ்' என்ற சத்தம் சைலன்சர் வாயிலிருந்து வந்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே பாதி விடை. கார்புரேட்டர் வாயில் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கிராங்க் கேஸின் காற்றுப்போக்கியான ப்ரீதரில் கேட்டால் பிஸ்டன் ரிங். ப்ரீதரில் கொஞ்சம் வருவது இயல்பு. அடிப்பகுதி பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர்வதே ரிங்கைத் தாண்டிக் கசியும் அந்த வாயுவோடுதான்.

ராக்கர் மூடியைக் கழற்றி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து ஃபீலர் கேஜை நுழைத்தோம். இந்த வகை எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் இடைவெளி 0.04 முதல் 0.10 மி.மீ. வரை. அதாவது 0.04 தகடு நுழைய வேண்டும், 0.10 தகடு நுழையக் கூடாது. இன்டேக் சரி. எக்ஸாஸ்ட்டில் 0.04 தகடு நுழையவே இல்லை. முதல் உரிமையாளரிடம் போனில் கேட்டபோது காரணம் கிடைத்தது: "டக் டக்னு சத்தம் ரொம்ப வந்துச்சுப்பா, அதான் கொஞ்சம் டைட் பண்ணேன்." டேப்பட் சத்தம் பிடிக்காமல் இப்படிச் செய்பவர்கள் மோட்டார் சைக்கிள் உலகத்திலும் உண்டு. நான்கு ஸ்ட்ரோக்கில் லேசான டேப்பட் சத்தம் இருக்கத்தான் வேண்டும். இந்த எஞ்சினில் அலுமினிய சிலிண்டர் சூட்டில் எஃகு புஷ் ராடைவிட அதிகம் நீளும். ஆகவே சூடேறும்போது இடைவெளி கொஞ்சம் கூடும். குளிரில் ஒட்டிக்கொண்டிருந்த வால்வு சூடான பிறகு ஓரளவு சரியாக உட்கார்ந்திருக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்த எஞ்சின் சூடானதும் ஒழுங்காக ஓடியதற்குக் காரணம் இதுதான்.

லாக் நட்டைத் தளர்த்தி 0.06 அளவில் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மறுபடி அளந்தோம். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும். இரண்டாவது முறை அளக்காமல் மூடியைப் போடுகிறவர்கள் அநேகம். கம்ப்ரஷன் உடனே திரும்பி வந்தது. 'உஸ்' சத்தம் போனது.

பிளக்கும் தவறு. கழற்றிப் பார்த்தால் இரண்டு ஸ்ட்ரோக்குக்கான குளிர்ந்த ரகம். இது ஏன் முக்கியம் என்றால், க்ளோ எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிளக்கிலுள்ள பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள், முந்தைய எரிப்பின் சூட்டாலும் மெத்தனாலோடு அந்த உலோகத்துக்கு நடக்கும் வினையாலும் தணல்போலவே நின்று அடுத்ததைப் பற்றவைக்கிறது. 2,300 ஆர்.பி.எம். ஐட்லிங்கில் இரண்டு ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய 26 மில்லி செகண்டுக்கு ஒருமுறை எரிப்பு. நான்கு ஸ்ட்ரோக்கில் அது 52 மில்லி செகண்டு ஆகிறது. அத்தனை நேரம், நடுவில் குளிர்ந்த மெத்தனால் கலவை மேலே பட்ட பிறகும், சுருள் சூட்டைக் காக்க வேண்டும். நைட்ரோ இல்லாத எரிபொருளில் இது இன்னும் கடினம். ஸ்டார்ட் செய்யும்போது பிளக்கைச் சூடாக்கும் பேட்டரியைக் கழற்றியதும் ஐட்லிங் தொய்ந்ததற்கு இது ஒரு காரணம். நான்கு ஸ்ட்ரோக்குக்கான எஃப் வகை பிளக் போட்டோம்.

பின்பக்க பேரிங் கையில் லேசாக நறநறத்தது. துரு. அலமாரியில் கிடந்த க்ளோ எஞ்சின் எதிலும் இது இருக்கும். அன்றைய புகாருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒதுக்கிவைத்தோம்.

ஓடவிட்டபோது

இப்போது எஞ்சின் இரண்டே தட்டில் பிடித்தது. ஆனால் ஐட்லிங் நிலையாக நிற்கவில்லை. ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. த்ராட்டிலைத் தொடாமலே 2,600-க்குப் போகும், 2,100-க்கு இறங்கும், மறுபடி ஏறும். இப்படி ஊசலாடினால் நான் முதலில் சந்தேகப்படுவது ஏர் லீக்கைத்தான். கார்புரேட்டருக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவில் ஒரு இன்டேக் பைப், இரண்டு முனையிலும் சீல். பைப்பின் மூட்டில் பின்னாலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் ஐட்லிங் உடனே மாறிக் கொஞ்ச நேரம் நிதானமாக நின்றது. கழற்றினால் ஓ-ரிங் பிளாஸ்டிக் வளையம்போல இறுகிக் கிடந்தது. இந்தக் கசிவால் ஐட்லிங்கில் கலவை லீனாகும். அதை ஈடுகட்ட யாரோ ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் லோ-ஸ்பீடு ஸ்க்ரூவை ரிச் பக்கம் நன்றாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கசிவின் பங்கு சின்னத் த்ராட்டிலில் பெரிது, பெரிய த்ராட்டிலில் சின்னது. ஆகவே ஐட்லிங்கில் கணக்கு ஒருவழியாகத் தேறி, நடு த்ராட்டிலில் எஞ்சின் அளவுக்கு மீறி ரிச்சாகி, 'லொட லொட' என்று மிஸ் அடித்திருக்கிறது.

புது ஓ-ரிங் போட்டு லோ-ஸ்பீடு ஸ்க்ரூவைத் தொழிற்சாலைக் குறிக்குத் திருப்பினோம். இத்தனைக்குப் பிறகும் அசல் புகார் அப்படியே இருந்தது. வாலைப் பிடித்துக்கொண்டு மூக்கை உயர்த்தி ஃபுல் த்ராட்டில் கொடுத்தால், முப்பது நொடிக்குள் சத்தம் கூர்மையாகி, தொய்ந்து, நின்றது.

பாதி டேங்கில் ஓடியது, முழு டேங்கில் நின்றது

இந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. மாணவரிடம் விசாரித்தபோது, ட்யூனிங் செய்யும்போதெல்லாம் எரிபொருளை மிச்சம்பிடிக்கப் பாதி டேங்க்தான் ஊற்றுவார், பறக்கப் போகும்போது மட்டும் முழுதாக நிரப்புவார் என்று தெரிந்தது. பாதி டேங்கில் எஞ்சின் நீண்ட நேரம் ஓடுகிறது. முழு டேங்கில் சீக்கிரம் நின்றுவிடுகிறது. சாதாரணமாக இது தலைகீழாக இருக்க வேண்டும். டேங்க் காலியாகக் காலியாக மட்டம் இறங்கி எஞ்சின் லீனாவதுதான் நாம் பார்த்து வருவது.

தலைகீழாக நடந்தால் ஒரு விளக்கம்தான் எனக்குத் தோன்றியது: டேங்குக்குள் காற்று போகவில்லை. எரிபொருள் வெளியேறும் அளவுக்கு ஏதாவது உள்ளே வந்தாக வேண்டும். இந்த விமானத்தில் உள்ளே வர ஒரே வழி சைலன்சரிலிருந்து வரும் பிரஷர் லைன். அது அடைத்திருந்தால் டேங்கில் ஏற்கெனவே இருக்கும் காற்று விரிந்து இடத்தை நிரப்ப வேண்டும். பாதி டேங்கில் 175 சி.சி. காற்று இருக்கிறது, பத்து சி.சி. எரிபொருள் போனாலும் அழுத்தம் கொஞ்சம்தான் குறையும். விளிம்புவரை நிரப்பிய டேங்கில் இருபது சி.சி. காற்றுதான் மிச்சம் என்று வையுங்கள். அதிலிருந்து ஐந்து சி.சி. எரிபொருள் போனால் காற்று இருபதிலிருந்து இருபத்தைந்தாக விரிய வேண்டும். டேங்கின் சுவர் வளைந்துகொடுக்காவிட்டால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு விழுந்துவிடும். மெத்தனாலுக்குக் காற்றும் எரிபொருளும் எடையில் சுமார் 6.4-க்கு 1 என்ற கணக்கு, பெட்ரோலுக்கு 14.7-க்கு 1. பெட்ரோல் எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கிற ஜாதி என்பதால் ஃபுல் த்ராட்டிலில் அந்த ஐந்து சி.சி. போக அதிக நேரம் ஆகாது. ஐட்லிங்கில் ஆகும். அதனால்தான் விமானத்தைத் தரையில் மெதுவாக ஓட்டும்போது எதுவும் தெரியவில்லை.

இதோடு ஏறும் கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூக்கு நேர்மேலே இருக்கும்போது டேங்கின் பின்முனை கார்புரேட்டருக்கு இருபது செ.மீ. கீழே போய்விடும். இந்த எரிபொருளின் அடர்த்தி சுமார் 0.82. ஆக பதினாறு செ.மீ. தண்ணீரைத் தூக்குகிற சுமை கூடுதலாக ஏறுகிறது. நல்ல எஞ்சின் இதைத் தாங்கும். ஏற்கெனவே வெற்றிடத்தோடு மல்லுக்கட்டுகிற எஞ்சின் தாங்காது.

சந்தேகத்தை உறுதி செய்வது எளிது. எஞ்சின் நின்றவுடன், வேறு எதையும் தொடாமல், நிரப்பும் லைனின் அடைப்பானைப் பிடுங்கினோம். 'ஸ்ஸ்ப்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. இதுவரை யாருக்கும் இது தெரியாமல் போனதற்கும் அங்கேயே காரணம் இருந்தது. ஒவ்வொரு முறை நின்றதும் மாணவர் முதலில் செய்தது எரிபொருள் நிரப்புவது. அடைப்பானைக் கழற்றிய கணமே வெற்றிடம் விடுபட்டுத் தடயம் காணாமல் போனது. பிறகு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் சமர்த்தாக ஓடியது.

சைலன்சரின் பிரஷர் நிப்பிளில் ஊதினால் காற்று போகவில்லை. எரிந்து கரியான ஆமணக்கெண்ணெய் துளையைத் தார்போல அடைத்திருந்தது. மெல்லிய ட்ரில் பிட்டைக் கைவிரலால் சுழற்றித் துளையைத் திறந்தோம். மெஷினில் மாட்டித் துளைத்தால் துளை பெரிதாகி அழுத்தத்தின் அளவே மாறிவிடும். டேங்கையும் வெளியே எடுத்தோம். உள்ளே எரிபொருளை உறிஞ்சும் எடைமுனையான க்ளங்க்கின் சிலிக்கோன் குழாய் நன்றாகவே இருந்தது. டேங்க் உட்கார்ந்திருந்த உயரம் நன்றாக இல்லை. பழைய இரண்டு ஸ்ட்ரோக்கின் கார்புரேட்டர் முன்பக்கம் உயரத்தில் இருந்தது. இதன் கார்புரேட்டர் பின்பக்கம் தாழ்வாக. டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டருக்கு மேலே நின்றதால், முழு டேங்கில் ஐட்லிங்கின்போது எரிபொருள் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கிப் பிளக்கை நனைத்திருக்கிறது. அடியிலிருந்த பஞ்சை மெலிதாக்கி, நடுக்கோடு நீடிலின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி இறக்கினோம்.

உதைத்தது ஏன் என்பதும் இப்போது விளங்கும். இந்த எஞ்சினில் பற்றவைக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது கலவையும் சூடும்தான். வெற்றிடத்தால் கலவை மெலிந்து தலை சூடேறியபோது, பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே கலவை பற்றி ப்ராப்பைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக்குகளுக்கு இரட்டை லாக் நட் கொடுப்பது இதற்காகத்தான். மாணவரிடம் ஒற்றை நட்டுதான் இருந்தது. இரட்டை நட் இல்லாமல் ஓடவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம்.

ட்யூனிங்

நீடிலுக்கு வேலை வந்தது இப்போதுதான். முதலில் ஆர்.பி.எம். அளக்கும் டாக்கோமீட்டரை நம்பலாமா என்று பார்த்தோம். வெறும் சோக் போட்ட பழைய ட்யூப் லைட்டின் எதிரே, இரண்டு பிளேடு அமைப்பில் பிடித்தால் 3,000 காட்ட வேண்டும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு நூறு முறை மின்னுகிறது. காட்டியது.

எஞ்சினை ரிச்சாகவே சூடாக்கிவிட்டு, ஃபுல் த்ராட்டிலில் மெயின் நீடிலைச் சிறிது சிறிதாக மூடினோம். நின்றுகொண்டிருந்தது ப்ராப்புக்குப் பின்னால். கையை நீட்டியதும் பின்னாலிருந்தே. உச்சம் 9,400-ல் வந்தது. அங்கே விட்டுவிட ஆசையாகத்தான் இருக்கும், சத்தமும் அழகாக இருக்கும். ஆனால் அது தரையின் உச்சம். பறக்கும்போது ப்ராப்பின் சுமை குறைந்து ஆர்.பி.எம். கூடும், ஏறும்போது எரிபொருளும் குறையும். 9,100 வரை ரிச் பக்கம் திருப்பினோம். மூக்கைத் தூக்கிப் பிடித்தால் சுமார் நூறு ஏறி அங்கேயே நின்றது. ஏறினால் இன்னும் ரிச் பக்கத்தில் இருக்கிறோம் என்று பொருள், தொய்ந்தால் லீன்.

லோ-ஸ்பீடுக்கு நான் கிள்ளிப் பார்க்கும் முறையைத்தான் நம்புகிறேன். ஐட்லிங்கில் எரிபொருள் லைனைக் கிள்ளினால் உடனே நின்றால் லீன். வெகுநேரம் ஏறிக்கொண்டே போய் நின்றால் ரிச். ஓரிரு நொடி அப்படியே இருந்து, லேசாக ஏறி நின்றால் சரி. எட்டில் ஒரு சுற்று வீதம் திருகி, ஒவ்வொரு முறையும் எஞ்சினை ஒரு தடவை முழுதாக ரேஸ் செய்து சுத்தப்படுத்தி, மறுபடி ஐட்லிங்குக்கு இறக்கிப் பார்த்தோம். த்ராட்டிலைச் சடாரென்று திறந்தபோது புகை கக்கித் தயங்கினால் ரிச், புகையே இல்லாமல் செத்தால் லீன். இரண்டும் இல்லாத இடம் கிடைத்ததும் மெயின் நீடிலை இன்னொரு முறை சரிபார்த்தோம். கீழே தொட்டால் மேலே சிறிது நகரும். ஐட்லிங் 2,300, பேட்டரி கழற்றிய பிறகும் அதே இடத்தில்.

வேலை நடந்த நேரம் முழுவதும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. மெத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினால் அணையும். கையில் கையுறை.

அடுத்து

விமானம் முழு டேங்கோடு ஏறியது, சுற்றியது, டேங்க் தீரும் தறுவாயில் மட்டும் இயல்பான அளவுக்கு லீனானது. மாணவரிடம் இரண்டு வேலைகள் விடப்பட்டன. பறந்து முடித்ததும் டேங்க்கை வடித்து, லைனைக் கழற்றி, எஞ்சினில் இருக்கும் எரிபொருளைத் தானாகத் தீர்ந்து நிற்கும்வரை எரித்துவிட்டு, ப்ரீதர் வழியே கொஞ்சம் லேசான எண்ணெய் விட்டுச் சுற்ற வேண்டும். எரிப்பில் பிறக்கும் நீர் கிராங்க் கேஸில் தங்கித்தான் பின் பேரிங் துருப்பிடித்தது. இன்னொன்று, மாதம் ஒருமுறை பிரஷர் லைனைக் கழற்றி நிப்பிளில் வாயால் ஊதிப் பார்ப்பது.

நறநறத்த பேரிங் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதை மாற்ற கிராங்க்கை வெளியே எடுக்க வேண்டும், எடுத்தால் கேமின் டைமிங் புள்ளியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். புது பேரிங் வரும்வரை ஐட்லிங்கில் சத்தம் மாறுகிறதா என்று கவனித்துக்கொண்டு பறக்கச் சொல்லியிருக்கிறோம்.